பிளாக்பூல் கேளிக்கைக் கட்டடங்களின் பழைய அஞ்சலட்டைகள்: படத்தின் ஆண்டை எதைக் கொண்டு முடிவு செய்வது?

கடற்பாலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லங்காஷயர் கடற்கரையில் உள்ள பிளாக்பூல் நகரத்தின் கேளிக்கைக் கட்டடங்களைக் காட்டும் அஞ்சலட்டைகளை நான் சேர்த்து வருகிறேன். அவற்றுள் ஒரு வண்ண அட்டையை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். கடலுக்குள் நீளும் வடக்குக் கடற்பாலத்தின் (நார்த் பியர்) மேலிருந்து கரையோரமாகத் தெற்கு நோக்கிப் பார்க்கும் காட்சி அது. நடுவில் பிளாக்பூல் டவர் நிற்கிறது. அதற்கு வடக்கே, டவரின் செங்கல் அடிக்கட்டடத்தோடு போட்டியிடுவது போல ஒரு பெரிய மாளிகை. கூரைகளுக்குப் பின்னால் ஒரு ராட்சத ராட்டினத்தின் மேல்வளைவு தெரிகிறது. கடலோர நடைபாதை மிக அகலமாக இருக்கிறது. அட்டையின் பின்புறம் நடுக்கோட்டால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை பொறித்த பச்சை நிற அரைப் பென்னி அஞ்சல் தலையும், 1909 ஆகஸ்ட் மாத முத்திரையும் உள்ளன. படத்தின் மூலையில் டண்டி நகரத்து அஞ்சலட்டை வெளியீட்டாளரான வேலண்டைன் நிறுவனத்தின் ஜே.வி. என்ற குறியும் வரிசை எண்ணும் இருக்கின்றன.

விற்றவர் இதனை "1909ஆம் ஆண்டுக் காட்சி" என்று எழுதி விற்றார். சந்தையில் வரும் அட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் விவரிக்கப்படுகின்றன. இந்த வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற நகரங்களில் இது சிறிய பிழையாக முடிந்துவிடலாம். கடலோர உல்லாச நகரத்தில் அப்படி முடியாது. ஒரு நீதிமன்றமோ தேவாலயமோ கட்டியபடியே நூறு ஆண்டுகள் நிற்கும். ஆனால் நடனக்கூடமும் சர்க்கஸ் அரங்கும் நாடகசாலையும் பங்குதாரர்களுக்கு லாபம் ஈட்டித்தர வேண்டிய நிறுவனங்களின் சொத்துகளாக இருந்ததால், அடுத்த கோடைக்குள் புதிதாக எதையாவது காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவை இடிக்கப்பட்டன, விரிவாக்கப்பட்டன, பெயர் மாற்றப்பட்டன, தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்டன. ஆகவே படத்தின் ஆண்டைக் கட்டடங்களிடமிருந்துதான் கேட்டறிய வேண்டும். அஞ்சல் முத்திரையிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

அரைப்பென்னி எழுதியது:

கடற்பாலம் ஐயா, முத்திரையிடம் கேட்டுப் பயனில்லை என்று சொல்வதைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன். முத்திரை ஒரு மேல் எல்லையைத் தருகிறது. அந்த நாளுக்குப் பிறகு அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பது உறுதி. கீழ் எல்லையைத்தான் அது தருவதில்லை. கடைகளில் அடுக்கி வைத்த பழைய இருப்பு பல கோடைகளுக்கு விற்பனையானது என்பதால், இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளிகூட இருக்கலாம்.

கீழ் எல்லையைக் கணிக்க அஞ்சல் விதிகளே ஓரளவு உதவும். பிரிட்டனில் தனியார் அச்சிட்ட அட்டையில் தலை ஒட்டி அனுப்புவதற்கு 1894 செப்டம்பர் 1 அன்றுதான் அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் வந்தவை அளவில் சிறியவை, ஏறக்குறையச் சதுரமானவை. நாம் இன்று வழக்கமாகக் காணும் ஐந்தரைக்கு மூன்றரை அங்குல அளவு 1899 நவம்பரில்தான் வந்தது. அக்காலத்தில் பின்புறம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே உரியது. எனவே எழுத வேண்டியதைப் படத்தின் ஓரத்திலும் வானத்திலும் கடற்பரப்பிலும் எழுதினார்கள். 1902 ஜனவரியில் பிரிட்டன்தான் முதன்முதலாகப் பின்புறத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தது. மற்ற நாடுகள் உடனே அதனை ஏற்கவில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா ஆகியவை அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அதனால்தான் அந்தக் காலத்து அட்டைகள் சிலவற்றில், இடப்பக்கம் எழுதுவது உள்நாட்டு அஞ்சலுக்கு மட்டுமே செல்லும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரி இருந்தால் அட்டை 1902-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அச்சானது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

தபாலில் போகாத அட்டைக்கு இன்னொரு குறிப்பு. தலை ஒட்டும் கட்டத்துக்குள் அரைப் பென்னி என்று அச்சிடப்பட்டிருந்தால், 1918 ஜூன் மாதக் கட்டண உயர்வுக்கு முந்தைய அச்சு அது. அதன்பின் கட்டணம் ஒரு பென்னி.

இவை அனைத்தும் அட்டைத்தாளின் வயதை மட்டுமே சொல்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 1902-க்குப் பிந்தைய அட்டையில் 1896-இல் எடுத்த படம் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்த இடத்தில் கட்டடங்களை அறிந்தவர்கள்தான் பேச வேண்டும்.

வடக்குவீதி எழுதியது:

கட்டடங்களின் தரப்பில் நான் பேசுகிறேன். அட்டையில் உள்ள மூன்று சாட்சிகளையும் தனித்தனியே பார்ப்போம்.

டவர் 1894 மே 14 அன்று திறக்கப்பட்டது. 1889-இல் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்று ஐஃபல் கோபுரத்தைக் கண்டு திரும்பிய ஜான் பிக்கர்ஸ்டாஃப் என்பவர் இதற்கு முன்நின்றார். அவர் பிளாக்பூலின் மேயராகவும் இருந்தவர். மான்செஸ்டரைச் சேர்ந்த மேக்ஸ்வெல், டியூக் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். உயரம் 518 அடி 9 அங்குலம். பாரிஸ் கோபுரத்தின் கால்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. இங்கோ நான்கு கால்களையும் சுற்றி ஒரு பெரிய செங்கல் கட்டடத்தை எழுப்பி, அதற்குள் சர்க்கஸ், மீன்காட்சியகம், விலங்குக்கூடம், நடனக்கூடம் ஆகியவற்றை அடக்கினார்கள். மழை பெய்யும் கோடை நாளிலும் கூட்டத்தைக் கூரைக்கடியில் வைத்திருக்க வேண்டும் என்பதே கணக்கு. ஆனால் டவர் இன்றும் நிற்பதால், காலக்கணிப்புக்கு இந்தச் சாட்சி அதிகம் உதவாது.

இரண்டாவது சாட்சி ராட்டினம். நகரத்தின் மற்றொரு கேளிக்கை வளாகமான விண்டர் கார்டன்ஸில் 1896-இல் திறக்கப்பட்ட இதன் உயரம் 220 அடி. முப்பது பெட்டிகள், ஒவ்வொன்றிலும் முப்பது பேர் ஏறலாம். வியன்னாவில் 1897-இல் அமைத்து இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கும் ராட்டினமும் இதே பொறியாளர் வால்டர் பாஸெட்டின் படைப்புதான். டவருக்குப் போட்டியாக விண்டர் கார்டன்ஸ் நிறுவனம் எழுப்பிய இதனை, 1928-இல் அந்த நிறுவனமே டவர் நிறுவனத்தின் கைக்குப் போன ஆண்டில் பிரித்தெடுத்தார்கள். எனவே ராட்டினம் தெரிந்தால் படம் 1896-க்கும் 1928-க்கும் இடைப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் என்பது பெரிய இடைவெளிதான், ஆனாலும் இரு புறமும் உறுதியான எல்லைகள் கிடைத்துவிடுகின்றன.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. டவருக்கு வடக்கே நிற்கும் அந்த மாளிகை 1899-இல் ஆல்ஹம்ப்ரா என்ற பெயரோடு திறக்கப்பட்டது. நாடகசாலை, சர்க்கஸ், நடனக்கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தன. அதாவது, அண்டை வீட்டுக்காரரான டவர் எதை விற்றதோ அதையே இதுவும் விற்றது. செலவு தாங்காமல் நிறுவனம் நொடித்துப் போனது. 1903-இல் டவர் நிறுவனமே இதனை வாங்கி, 1904-இல் பேலஸ் என்ற புதிய பெயரோடு திறந்தது. 1961-இல் இடித்துவிட்டு, அந்த இடத்தில் லூயிஸ் என்ற பல்பொருள் அங்காடியைக் கட்டினார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் கரையோரத்தின் முகமாக நின்ற ஒரு மாளிகை இன்று அஞ்சலட்டைகளிலும் புகைப்படங்களிலும் மட்டுமே வாழ்கிறது என்பதை நினைக்கும்போது, இந்த அட்டைகளை ஆண்டு பிசகாமல் பதிந்துவைப்பது நம் கடமை என்றே தோன்றுகிறது.

மேலும் ஒன்று. நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த அகலமான நடைபாதையைக் கவனியுங்கள். 1902 முதல் 1905 வரை நடந்த பெரும் பணியில்தான் கடலை நோக்கித் தளத்தை நீட்டி அகலப்படுத்தினார்கள். அது முழுமையாக முடிந்த நிலையில் தெரிகிறது என்றால், படம் 1905-க்கு முன் எடுத்ததாக இருக்க வாய்ப்பில்லை. முத்திரை 1909 என்கிறது. ஆக, நான்கு ஆண்டுகளுக்குள் அடக்கிவிட்டோம்.

புதுஅட்டை எழுதியது:

மூத்தவர்களுக்கு வணக்கம். நான் அண்மையில்தான் சேர்க்கத் தொடங்கினேன். ராட்டினம் இல்லாத, அதனால் 1928-க்குப் பிந்தியதாகத் தோன்றும் ஓர் அட்டை என்னிடம் உள்ளது. அதனையும் இதே முறையில் கணிக்க முடியுமா? இன்னொரு ஐயம்: என்னிடம் உள்ள இரவுக்காட்சி அட்டையில் டவர் நிலவொளியில் நிற்கிறது, எல்லாச் சன்னல்களிலும் மஞ்சள் விளக்கு எரிகிறது. அந்தக் காலத்திலேயே இரவில் இவ்வளவு தெளிவாகப் படம் பிடித்தார்களா?

வடக்குவீதி எழுதியது:

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை. வடக்குக் கடற்பாலத்தின் அருகே உயரமான வெள்ளைத் தூண் தெரிந்தால், அது 1923 நவம்பரில் திறக்கப்பட்ட போர் நினைவுச்சின்னம். டவருக்குத் தெற்கே மணிக்கூண்டோடு கூடிய வெளிர்நிற உல்வொர்த் அங்காடிக் கட்டடம் தெரிந்தால், 1938 அல்லது அதற்குப் பின். அது இல்லாமல் பழைய ராயல் ஹோட்டல் தெரிந்தால், அதற்கு முன். மிகப் பழைய அட்டைகளுக்கு டிராம் தடத்தைப் பாருங்கள்: 1885-இல் தொடங்கிய மின் டிராமுக்கு முதலில் தண்டவாளங்களுக்கிடையே தரைக்கடியில் மின்சாரம் வந்தது, 1899-இல்தான் தலைக்குமேல் கம்பி கட்டினார்கள். கம்பியும் கம்பமும் இல்லாத டிராம் தடம் தெரிந்தால், பெரும்பாலும் அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம். "பெரும்பாலும்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், கம்பிகளை அச்சகத்தாரே அழித்துவிடும் வழக்கம் உண்டு. அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார்.

அரைப்பென்னி எழுதியது:

புதுஅட்டை, உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். அந்த நிலவொளி அட்டை பகலில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். அச்சகத்தில் அதன்மேல் அடர்நீலம் ஏற்றி, வானத்தில் ஒரு நிலவை வரைந்து, நீரில் அதன் பிரதிபலிப்பைத் தீட்டி, சன்னல்களுக்கு மஞ்சள் பூசி இரவாக்கியிருக்கிறார்கள். லென்ஸ் கொண்டு பார்த்தால் பகல் நேர நிழல்கள் ஒரே திசையில் விழுந்திருப்பது தெரியும். நிலவு பெரும்பாலும் அதற்குப் பொருந்தாத திசையில் இருக்கும். அதே படத்தின் பகல் வடிவத்தையும் தேடிப்பாருங்கள், கிடைக்கக்கூடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், நடந்துபோகும் அதே பெண்மணி, அதே குடை, அதே இடத்தில் இருப்பதைக் காண்பீர்கள்.

வண்ணத்தையும் சாட்சியாக ஏற்கக்கூடாது. முதல் உலகப்போருக்கு முன் பிரிட்டிஷ் வெளியீட்டாளர்கள் பலர் அச்சு வேலையை ஜெர்மனிக்கு, குறிப்பாகச் சாக்சனிப் பகுதி அச்சகங்களுக்கு அனுப்பினார்கள். கருப்பு வெள்ளைப் படத்தோடு ஒரு வண்ணக்குறிப்பும் போகும். சில வேளை அதுவும் போகாது. பிளாக்பூலைக் கண்ணால் பார்த்திராத ஓவியர் கூரைக்குச் சிவப்பும் சுவருக்கு மஞ்சளும் தம் விருப்பப்படி இட்டார். ஒரே கட்டடம் ஓர் அட்டையில் பச்சைக் கூரையோடும் மற்றொன்றில் செந்நிறக் கூரையோடும் இருப்பதை வைத்துக் கட்டடம் மாறியதாக யாரும் எழுதிவிட வேண்டாம்.

அச்சு முறையை அறிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். லென்ஸில் ஒழுங்கான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் ஹாஃப்டோன் அச்சு. புள்ளி இல்லாமல் நுண்ணிய ஒழுங்கற்ற சுருக்கம் போலத் தெரிந்தால் காலோடைப். எதுவுமே தெரியாமல் நிழல் வழுவழுப்பாக இறங்கினால், அது நெகட்டிவிலிருந்து நேரடியாகப் புகைப்படத்தாளில் எடுத்த அசல் போட்டோ அட்டை. இவற்றின் கருமையான பகுதிகளில், ஓரங்களில், காலப்போக்கில் வெள்ளிப்பூச்சு போன்ற மினுமினுப்பு படரும். கட்டடத்தின் நுணுக்கத்துக்கு நான் முதலில் நம்புவது இந்த மூன்றாம் வகையைத்தான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நீங்கள் அனைவரும் சொல்வதைத் தொகுத்துப் பார்த்தால் எனக்கு எதிரான முடிவே தோன்றுகிறது. முத்திரை படத்தின் ஆண்டைச் சொல்லாது; வண்ணம் பொய்; நிலவு பொய்; கம்பியை அழித்திருக்கிறார்கள்; கூட்டத்தைச் சேர்த்திருக்கவும் கூடும். இத்தனை குறைகள் உள்ள ஒன்றை வரலாற்றுச் சான்றாக ஏன் கொள்ள வேண்டும்? கட்டட வரைபடங்களும் நகரமன்றப் பதிவுகளும் அக்கால நாளிதழ்களும் இருக்கின்றன. அஞ்சலட்டை என்பது கோடைப்பயணிக்கு விற்பதற்காக அழகுபடுத்திய பண்டம். சேகரிப்பவரின் மகிழ்ச்சிக்கு அது போதும். கட்டட வரலாற்றுக்குப் போதாது என்பது என் கருத்து. இதனை மரியாதையோடு முன்வைக்கிறேன்.

கடற்பாலம் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயாவின் எதிர்வாதத்தை வரவேற்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. வரைபடம் கட்ட நினைத்ததைச் சொல்கிறது. கட்டியதையும், கட்டிய பின் அடுத்தடுத்த கோடைகளில் அதன்மேல் ஏற்றிய விளம்பரப் பலகைகளையும், முன்புறம் முளைத்த கடைகளையும், எங்கே வரிசை நின்றது, எங்கே நாற்காலி போட்டார்கள் என்பதையும் எந்த வரைபடம் சொல்லும்? அச்சகத்தார் மாற்றியவை எவை என்பதை நாம் இங்கே பேசித் தெரிந்துகொண்டோமே, அவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுவது உறுதியான சான்றுதான். நிலவைச் சேர்த்தவர்களுக்கு ஒரு மாளிகையின் சன்னல் எண்ணிக்கையை மாற்றுவதில் எந்த ஆதாயமும் இல்லை.

வடக்குக் கடற்பாலத்தின் இந்தியன் பெவிலியனை எடுத்துக்கொள்வோம். யூஜீனியஸ் பிர்ச் வடிவமைத்த அந்தக் கடற்பாலம் 1863 மே 21 அன்று திறக்கப்பட்டது. பின்னர் கடல்முனையை அகலப்படுத்தி, பிருந்தாவனத்துக் கோயில் ஒன்றை மாதிரியாகக் கொண்டு அந்த அரங்கத்தை அமைத்தார்கள். பனியும் உப்புக்காற்றும் வீசும் ஐரிஷ் கடலுக்கு மேலே, யமுனைக் கரைக் கோயிலின் சாயலில் ஓர் இசையரங்கம் நின்றது என்பதே வியப்புக்குரியது. 1921-இல் அது எரிந்துபோனது. அதனிடத்தில் எழுந்த அரங்கமும் 1938-இல் எரிந்தது. இன்றுள்ள அரங்கம் 1939-இல் வந்தது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து நின்ற மூன்று கட்டடங்களையும் பிரித்தறியக் கடற்பால அட்டைகளைப் போல எளிதில் கிடைக்கும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. மேலும் அவற்றை ஆயிரக்கணக்கானோர் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பிவைத்ததால்தான் அவை பிழைத்தன. ஒரே ஆவணக்காப்பகத்தில் இருந்திருந்தால் ஒரே தீயில் போயிருக்கும். லண்டனில் அஞ்சலட்டை வெளியீட்டாளரான ராஃபேல் டக் நிறுவனத்தின் தலைமையகம் 1940 டிசம்பர் 29 இரவு குண்டுவீச்சில் எரிந்தபோது அவர்களுடைய மூலப்படங்களும் பதிவுகளும் அழிந்தன. மக்களின் ஆல்பங்களில் இருந்த அட்டைகள் அழியவில்லை.

மேடைத்திரை எழுதியது:

வெளிப்புறக் காட்சிகளைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், உட்புற அட்டைகளுக்காக நான் வாதாட வருகிறேன். ஏட்டுச்சுவடி ஐயாவுக்கான விடையும் அவற்றில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

டவர் நடனக்கூடத்தின் அட்டைகள் எண்ணற்றவை. ஆனால் "டவர் நடனக்கூடம், 1894" என்று யாரேனும் குறிப்பு எழுதினால் உடனே மறுத்துவிடலாம். இன்று உலகம் அறிந்த அந்தக் கூடம் ஃபிராங்க் மேச்சம் வடிவமைத்து 1899-இல் திறந்தது. அதற்குமுன் அங்கே எளிமையான பெவிலியன் ஒன்று இருந்தது. 1896-இல் விண்டர் கார்டன்ஸ் தன் எம்ப்ரெஸ் நடனக்கூடத்தைத் திறந்து கூட்டத்தை இழுத்தபோது, அதற்குப் பதிலடியாகவே டவர் நிறுவனம் மேச்சமை அழைத்தது. இரண்டு கூடங்களின் அட்டைகளும் தலைப்பு வெட்டுப்பட்ட நிலையில் கலந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிரித்தறிவது கடினமன்று. எம்ப்ரெஸ் கூடத்தின் கூரை நீளவாக்கில் ஓடும் பெரிய அரைவட்ட வளைவு. டவர் கூடத்தில் ஓவியம் தீட்டிய விதானமும், இரண்டு அடுக்கு மாடங்களும், மேடையின் மேல் ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றும் இருக்கும். என்னைப் பேசச் சொல், உன் செவியை மயக்குவேன் என்னும் பொருளில் அமைந்த, "வீனஸும் அடோனிஸும்" கவிதையின் வரி அது. அந்த எழுத்துகள் லென்ஸில் தெரிந்தால் வேறு எந்தச் சான்றும் வேண்டியதில்லை.

தரையையும் பாருங்கள். மகாகனி, ஓக், வால்நட் ஆகிய மூன்று மரங்களில் செதுக்கிய 30,602 துண்டுகளால் ஆனது அது. நல்ல போட்டோ அட்டைகளில் அதன் கோலம்கூடத் தெரியும். மேடையில் வுர்லிட்சர் ஆர்கன் இருந்தால், படம் 1929-க்குப் பிந்தியது. 1930 முதல் நாற்பது ஆண்டுகள் அதனை இசைத்த ரெஜினால்ட் டிக்சனைக் காட்டும் அட்டைகள் தனியே ஒரு சேகரமாக அமையும் அளவுக்கு உண்டு. 1956 டிசம்பரில் தீ விபத்து நேர்ந்து தரையும் அலங்காரமும் பாழாயின. பழைய தோற்றத்துக்கே மீட்டமைத்து 1958-இல் திறந்தார்கள். இத்தகைய மீட்பில் பழைய படங்கள் எல்லாமே மதிப்புள்ளவை. ஒரு மாடத்தின் சுதைவேலை நொறுங்கிப் போனபின், அது எப்படி இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவை அவைதாம்.

சர்க்கஸ் அட்டைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. டவரின் நான்கு கால்களுக்கு நடுவே அமைந்த அந்த அரங்கின் வட்டத்தளம் கீழிறங்கி, ஏறத்தாழ 42,000 கேலன் தண்ணீரால் நிரம்பும். நிகழ்ச்சியின் முடிவில் நீர்விளையாட்டு நடைபெறும். நீர் நிரம்பிய நிலையைக் காட்டும் அட்டையை வேறு ஏதோ நீச்சல் அரங்கம் என்று விவரித்து விற்பதுண்டு. கால்களின் பெரிய வளைவுகள் படத்தின் மூலைகளில் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் குழப்பம் தருவது ஆப்பரா ஹவுஸ். விண்டர் கார்டன்ஸ் வளாகத்தில் அந்தப் பெயரில் மூன்று அரங்கங்கள் அடுத்தடுத்து இருந்தன: மேச்சம் வடிவமைத்த 1889-ஆம் ஆண்டு அரங்கம், அதனை மாற்றி 1911 வாக்கில் வந்தது, பிறகு 1939-இல் எழுந்து ஏறத்தாழ 2,800 பேர் அமரும் இன்றைய பேரரங்கம். பெயரை மட்டும் வைத்து ஆல்பத்தில் ஒட்டினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மேடைத்திரை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. சிதைந்த அலங்காரத்தை மீட்கும்போது படமே சான்று என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அட்டையை வைத்திருப்பவர் அதன் முன்புறத்தை மட்டும் ஸ்கேன் செய்து வெளியிட்டால், நீங்கள் மேலே சொன்ன எந்தச் சோதனையையும் மற்றவர் செய்ய முடியாது. பின்புறமும் ஓரங்களும் அச்சகக் குறியும் இல்லாத படம் எனக்குச் சான்றாகாது.

அரைப்பென்னி எழுதியது:

அந்த நிபந்தனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், வேறொரு காரணத்துக்காகவும். பின்புறத்தில் உள்ள நான்கு வரிச் செய்தி கட்டடத்தின் வரலாற்றிலும் பங்கு கொள்கிறது. 1846-இல் ரயில் வந்த பின் பிளாக்பூலுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள். ஒவ்வோர் ஆலைநகரமும் கோடையில் தனக்குரிய ஒரு வாரம் மொத்தமாக ஆலைகளை மூடிவிடும். ஓல்டம் நகரத்துக்கு அது ஆகஸ்ட் இறுதி. ஆலையே மூடியதால் தெருவே கிளம்பிப் போனது. முத்திரையின் வாரத்தையும் முகவரியின் ஊரையும் சேர்த்துப் பார்த்தால், எந்த ஊர்க் கூட்டம் எந்த நடனக்கூடத்தில் நிறைந்திருந்தது என்பது அட்டை அட்டையாகத் தெரியவரும். தாம் தங்கிய விடுதியின் சன்னலுக்கு மேல் மையால் ஒரு பெருக்கல் குறி இட்டு அனுப்பும் வழக்கமும் இருந்தது. வியாபாரிகள் இதனைக் கறை என்று விலை குறைத்துத் தருகிறார்கள். எனக்கோ அந்த அட்டைதான் முதலில் வேண்டும்.

புதுஅட்டை எழுதியது:

அப்படியானால் ஆல்பத்தில் எப்படி வரிசைப்படுத்துவது? வெளியீட்டாளர் வாரியாகவா, கட்டடம் வாரியாகவா?

வடக்குவீதி எழுதியது:

வெளியீட்டாளர் வாரியாக அடுக்குவதுதான் சரி என்பது என் பழைய நிலைப்பாடு. இன்றும் அதை விடவில்லை. காரணம், வரிசை எண்கள். வேலண்டைன் நிறுவனத்தின் பெரும் படத்தொகுப்பு இன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எண்களை வரிசையாக வைத்தால், ஒரே பயணத்தில் ஒரே புகைப்படக்காரர் எடுத்த காட்சிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். காலம் உறுதியான ஓர் அட்டை, அதன் இருபுறமும் உள்ள அட்டைகளுக்கும் காலம் தந்துவிடும்.

கடற்பாலம் எழுதியது:

அந்தப் பயனை மறுக்கவில்லை. ஆனால் எண் என்பது அந்த நெகட்டிவ் பதிவான வரிசையைத்தான் சொல்கிறது. அதே நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும், கூட்டியும் குறைத்தும் அச்சிட்டிருக்கலாம். எண்ணே இல்லாத உள்ளூர் அட்டைகள் எத்தனையோ உண்டு. அவற்றை எங்கே வைப்பது? அதனால் நான் கட்டடத்தைத்தான் முதன்மையாகக் கொள்கிறேன். ஆல்ஹம்ப்ரா என்ற பெயரில் ஒரு பக்கம், பேலஸ் என்ற பெயரில் அடுத்த பக்கம். ஒவ்வொரு அட்டையின் கீழும் இரண்டு ஆண்டுகளை எழுதுகிறேன்: காட்சி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள், அஞ்சல் எந்த ஆண்டில். வெளியீட்டாளரையும் எண்ணையும் கணினிப் பட்டியலில் ஏற்றிவிட்டால், வடக்குவீதி அவர்கள் விரும்பும் வரிசையை நொடியில் அமைத்துக்கொள்ளலாம். ஆல்பத்தின் பக்கம் ஒன்றுதான். அதைக் கட்டடத்துக்கே கொடுக்க வேண்டும்.

அச்சிட்ட தலைப்பையும் கண்மூடி நம்ப வேண்டாம். 1904-க்குப் பிறகும் ஆல்ஹம்ப்ரா என்ற பழைய தலைப்போடு கூடிய இருப்பு விற்பனையாகியிருக்க முழு வாய்ப்பு உண்டு. தலைப்பு ஆல்ஹம்ப்ரா என்றும் முத்திரை 1906 என்றும் இருந்தால், கட்டட முகப்பில் எந்தப் பெயர்ப்பலகை இருக்கிறது என்று லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மேடைத்திரை எழுதியது:

கட்டடத்துக்கே பக்கம் என்பதில் நான் கடற்பாலம் ஐயாவின் பக்கம். குறிப்பாக கிராண்ட் தியேட்டர் போன்றவற்றுக்கு. அதுவும் மேச்சம் வடிவமைத்ததுதான். டவர் திறந்த அதே 1894-இன் ஜூலையில் திறக்கப்பட்டது. 1972-இல் இடிக்கப்படும் நிலைக்கு வந்து, நகர மக்கள் போராடிக் காத்து, இடையில் சிலகாலம் பிங்கோ கூடமாக இருந்து, 1981-இல் மீண்டும் நாடகத்துக்குத் திரும்பியது. இத்தகைய கட்டடத்தின் அட்டைகள் வெளியீட்டாளர் வாரியாகச் சிதறிக் கிடந்தால் இந்தக் கதை யாருக்கும் தெரியாமல் போகும்.

புதுஅட்டை எழுதியது:

நன்றி. கட்டடம் வாரியாகவே தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: பிளெஷர் பீச் பொழுதுபோக்குப் பூங்காவின் "கேசினோ" என்ற தலைப்பில் என்னிடம் இரண்டு அட்டைகள் உள்ளன. ஒன்றில் கோபுரங்களும் மின்விளக்கு அலங்காரமும் நிறைந்த கீழைநாட்டு மாளிகை; மற்றொன்றில் அலங்காரமே இல்லாத வெண்ணிற வட்டக் கட்டடம். இரண்டில் ஒன்றுக்குத் தலைப்பு தவறா?

வடக்குவீதி எழுதியது:

இரண்டும் சரி. முதலாவது 1913-இல் கட்டியது. இரண்டாவது, ஜோசப் எம்பர்டன் வடிவமைத்து, அதே பெயரோடு 1939-இல் அதனிடத்தில் எழுந்தது. தனித்தனிப் பக்கங்களில் வையுங்கள். முதல் அட்டையின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்து இங்கே இடுங்கள். தலை ஒட்டும் கட்டத்தில் அரைப் பென்னி என்று இருக்கிறதா என்பதை அரைப்பென்னி அம்மா பார்த்துச் சொல்வார். இருந்தால் 1913-க்கும் 1918-க்கும் நடுவே வைத்துவிடலாம்.